மேக் வாங்காமல் மேக்ஓஎஸ்: எந்த வழி யாருக்கு?

“பிராசஸர் நல்லது, ராம் 32 ஜிபி, கிராபிக்ஸ் கார்டும் லேசுப்பட்டதில்லை. இதிலேயே மேக்ஓஎஸ் போட்டுக்கொள்ளலாமா? போட்டால் சட்டப்படி தப்பா?” இப்படிக் கேட்பவர்கள் இன்னும் குறையவில்லை. பலருக்கு ஐபோன் செயலி ஒன்றை முடித்துக் கொடுத்தாக வேண்டும். சிலருக்கு வீடியோ எடிட்டிங். இன்னும் சிலருக்கு, செய்து பார்த்தால் என்ன என்ற ஆர்வம்தான்.

போடலாமா என்பதற்கு 2006இலிருந்தே பதில் இருக்கிறது. ஆப்பிள் தன் மேக் கணினிகளை இன்டெல் சிப்புக்கு மாற்றிய காலத்திலேயே ஆர்வலர்கள் சாதாரணப் பிசியில் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸை ஏற்றிக் காட்டிவிட்டார்கள். ஹேக்கின்டோஷ் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. தப்பா என்பதற்குத்தான் பதில் நீளம். இந்த இரண்டுக்கும் அப்பால், பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: இன்று போட்டால் எத்தனை நாள் ஓடும்? முடிவெடுக்க வேண்டியவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. சட்டத்துக்குப் பயந்து இதைக் கைவிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்டேட்டுக்குப் பயந்து கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் உரிமம். “சட்டவிரோதமா” என்று ஒரே சொல்லில் கேட்டாலும் உள்ளே மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தை மீறுகிறோமா, பதிப்புரிமையை மீறுகிறோமா, பூட்டு ஒன்றை உடைக்கிறோமா. மூன்றுக்கும் விளைவு வேறு வேறு.

இரண்டாவது, பயன்படுத்துவது யார். வீட்டில் ஒருவர் தனக்காகச் செய்வதும், பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகம் செய்வதும், ஒருவர் செய்து விற்பதும் ஒரே தராசில் நிற்காது.

மூன்றாவது, ஆயுள். இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும்?

நான்காவது, உங்கள் நேரம். நிறுவ ஆகும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னும் பின்னும் ஆகும் நேரத்தையும் சேருங்கள்.

ஐந்தாவது, வெளியே வரும் வழி. ஒருநாள் இதை விட்டுவிட நேர்ந்தால் கோப்புகளும் ஆப்பிள் கணக்கும் சேதமில்லாமல் வெளியே வருமா? இதை முன்கூட்டியே யோசிப்பவர் அபூர்வம்.

## உரிமம் சொல்வதும் நீதிமன்றம் சொன்னதும்

மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம் இந்த விஷயத்தில் பூசி மெழுகவில்லை. ஆப்பிள் முத்திரை கொண்ட கணினியில் மட்டுமே நிறுவலாம், இயக்கலாம். மற்றவற்றில் நிறுவுவதோ, பிறர் நிறுவ உதவுவதோ கூடாது. ஆக, ஹேக்கின்டோஷ் ஒப்பந்த மீறல் என்பதில் விவாதமே இல்லை. அந்த நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லும், அதை மீறுவது கூடவே பதிப்புரிமை மீறலும் ஆகுமா என்பதில்தான் வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டினார்கள்.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஆப்பிள்-2 கணினியின் நகலைப் பிராங்க்ளின் என்ற நிறுவனம் விற்றபோது, இயங்குதளத்துக்குப் பதிப்புரிமையே கிடையாது என்று வாதாடியது. 1983இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. சில்லில் பதிந்த நிரலும் படைப்புதான் என்பது அன்றே நிலைநின்றுவிட்டது. அப்புறம் 1995 முதல் 1997 வரை ஆப்பிளே உரிமம் கொடுத்து, பவர் கம்ப்யூட்டிங், யூமேக்ஸ், மோட்டரோலா போன்றவர்கள் மேக் நகல்களைச் செய்ய விட்டது. ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் அந்தக் கடையை மூடினார். பவர் கம்ப்யூட்டிங்கின் உரிமத்தைத் திரும்பப் பெற ஆப்பிள் கொடுத்தது சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள். மென்பொருளையும் பெட்டியையும் பிரித்து விற்பதில்லை என்ற பிடிவாதத்தின் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது.

ஹேக்கின்டோஷ் பற்றி யார் பேசினாலும் வந்து நிற்கும் வழக்கு சிஸ்டார். புளோரிடாவைச் சேர்ந்த இந்நிறுவனம் 2008 ஏப்ரலில் மேக் இயங்குதளம் ஏற்றிய பிசிகளை வெளிப்படையாக விற்கத் தொடங்கியது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. “நாங்கள் ஒவ்வொரு பிரதியையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்” என்பது சிஸ்டாரின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. ஒரு பிரதியை மேக் மினியில் ஏற்றி, அதைப் பிசியில் ஓடும்படி மாற்றி, அந்த மூலப்படிவத்தையே விற்கும் எல்லாக் கணினிகளிலும் நகலெடுத்தார்கள். வாங்கிய வட்டு பெட்டியோடு சும்மா கிடந்தது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் இதைப் பிடித்துக்கொண்டார்: நகலெடுத்தது ஒரு மீறல், மாற்றியது இன்னொன்று, விநியோகித்தது மற்றொன்று, பூட்டை உடைத்தது தனி. டிசம்பரில் நிரந்தரத் தடை வந்தது. 2011 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆப்பிள் பக்கம் நின்றது. தன் பெட்டியில்தான் ஓட வேண்டும் என்று நிபந்தனை போடுவது பதிப்புரிமையைத் துஷ்பிரயோகம் செய்வதாகாது, ஏனென்றால் வேறு யாரும் சொந்தமாக இயங்குதளம் எழுதுவதை அது தடுக்கவில்லை என்றது. ஆப்பிள் ஏகபோகம் செய்கிறது என்ற எதிர்வழக்கு அதற்கு முன்பே, 2008 நவம்பரிலேயே தள்ளுபடியாகியிருந்தது.

அந்தப் பூட்டு என்பது வேடிக்கையான விஷயம். இன்டெல் மேக்குகளில் சில முக்கிய நிரல்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் சாவி, மேக்கின் உள்ளே இருக்கும் எஸ்எம்சி என்ற சிறு சில்லில் இருக்கிறது. “எங்கள் கடின உழைப்பு இந்தச் சொற்களால் காக்கப்படுகிறது, தயவுசெய்து திருடாதீர்கள்” என்ற பொருளில் அமைந்த ஆங்கில வரியே அந்தச் சாவி. அதைச் சரிபார்க்கும் கெர்னல் நீட்சிக்கு (இயங்குதளத்தின் மையக்கருவோடு சேரும் சிறு நிரலுக்கு) பெயரே “டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்”. ஹேக்கின்டோஷ்காரர்கள் போடும் ஃபேக்எஸ்எம்சி, விர்ச்சுவல்எஸ்எம்சி போன்றவை இந்தச் சில்லு இருப்பதுபோல் பாவனை செய்பவை. பூட்டு சின்னதுதான், ஆனால் அது பூட்டு. அமெரிக்காவின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவில் பூட்டை உடைப்பதே தனிக் குற்றச்சாட்டு. உள்ளே இருந்ததை எடுத்தீர்களா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

ஐரோப்பாவில் இன்னொரு வாதம் ஓடியது. வாங்கிய பிறகுதான் கண்ணில் படும் நிபந்தனை வாங்கியவரைக் கட்டாது என்று சொல்லி, 2009இல் ஜெர்மனியில் பியர்சி என்ற பெயரில் இத்தகைய கணினிகளை விற்றார்கள். அன்றைக்கு அதில் கொஞ்சம் பிடிமானம் இருந்தது, ஏனென்றால் இயங்குதளத்தைக் கடையில் பெட்டியாக விற்றார்கள். 2013இல் மாவெரிக்ஸ் பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ் இலவசம். “காசு கொடுத்து வாங்கிய பொருள், என் இஷ்டம்” என்ற வாதத்தின் காலடி மண் அத்தோடு சரிந்துவிட்டது. இன்று உங்கள் கையில் இருக்கும் பிரதி நீங்கள் வாங்கியது அல்ல, நிபந்தனையோடு இறக்கிக்கொண்டது.

சரி, தனி ஆளுக்கு என்ன ஆகும்? பெயர் சொல்லிப் பேசப்படும் வழக்குகளெல்லாம் விற்றவர்கள் மீது வந்தவை; வீட்டில் போட்டுப் பார்த்தவர் மீது வந்தவை அல்ல. ஆனால் வழக்கு வராததும் அனுமதி இருப்பதும் ஒன்றல்ல. மாணவருக்கு இந்த வித்தியாசம் ஏட்டளவில் நிற்கும். அலுவலகத்துக்கு அப்படியில்லை. தணிக்கை, காப்பீடு, வாடிக்கையாளர் ஒப்பந்தம் என்று ஏதாவது ஒரு காகிதத்தில் “எங்கள் மென்பொருள்கள் அனைத்தும் முறையான உரிமம் உள்ளவை” என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | உரிமம் | ஆயுள் | நேரச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஹேக்கின்டோஷ் | மீறல் | எல்லை தெரிந்துவிட்டது | மிக அதிகம் | கற்றுக்கொள்ள, பழைய மென்பொருளை ஓட்ட |
| பிசியில் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) | அதே மீறல் | அதே எல்லை | நடுத்தரம் | எட்டிப் பார்க்க மட்டும் |
| பழைய மேக், இன்டெல் | சிக்கலில்லை | குறைவு | பேட்சர் (புதுப் பதிப்பை ஏற்ற உதவும் கருவி) போட்டால் அதிகம் | கையில் ஏற்கெனவே இருந்தால் |
| பழைய மேக், எம் வரிசை (ஆப்பிளின் சொந்தச் சில்லு) | சிக்கலில்லை | நல்லது | மிகக் குறைவு | பெரும்பாலானவர்களுக்கு |
| வாடகை மேக் | சிக்கலில்லை | கவலை உங்களுடையதல்ல | குறைவு | எப்போதாவது பில்டு (செயலியின் இறுதித் தொகுப்பு) எடுப்பவர்களுக்கு |

## ஹேக்கின்டோஷ்

இன்று இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஓபன்கோர் என்ற பூட்லோடரை, அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரலை, பயன்படுத்துகிறார்கள். முன்பு க்ளோவர், அதற்கும் முன்பு கமீலியன். ஓபன்கோர் இயங்குதளக் கோப்புகளில் கை வைக்காது. கணினி தொடங்கும்போதே வழிமறித்து, “நீ ஏறுவது ஒரு ஐமேக்” என்று மேக்ஓஎஸ்ஸை நம்பவைக்கும். தேவையான கெக்ஸ்ட்களை, அதாவது கெர்னல் நீட்சிகளை, நினைவகத்தில் செருகும். திரைக்கு வாட்எவர்க்ரீன், ஒலிக்கு ஆப்பிள்ஏஎல்சி, இவை எல்லாவற்றுக்கும் அடியில் லிலு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அழகான வேலை. ஒரு கணினி எப்படித் தொடங்குகிறது என்று நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இதை நோண்டித்தான்.

வன்பொருள் ஒத்துப்போனால் அனுபவமும் நன்றாகவே இருக்கும். ஒத்துப்போக வேண்டுமே என்பதுதான் பிரச்சினை. என்விடியா கார்டுகளுக்கு அந்நிறுவனமே தந்த டிரைவர் 2017இன் ஹை சியரா பதிப்போடு நின்றுபோனது. ஏஎம்டி ரேடியான் கார்டுகளில் ஆர்எக்ஸ் 580, 5700 எக்ஸ்டி, 6600, 6800 போன்றவை ஓடும். அதற்கு அடுத்த 7000 வரிசைக்கு டிரைவரே எழுதப்படவில்லை. ரைசன் பிராசஸர் என்றால் கெர்னலையே ஒட்டுப்போட வேண்டும். அதன் மேல் விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் பல மென்பொருள்கள் கைவிரிக்கும். லேப்டாப் என்றால் இன்னும் சிக்கல். கழற்ற முடியாத வைஃபை, இரண்டு கிராபிக்ஸ் சில்லுகள், டச்பேட், மூடித் திறந்தால் விழிக்காத தூக்கம் என்று ஒவ்வொன்றும் தனிப் போராட்டம்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு. 2023இல் சோனோமா வந்தபோது பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கான ஆதரவு எடுக்கப்பட்டது. “இதுதான் பிரச்சினையே இல்லாத கார்டு” என்று வழிகாட்டிகள் ஆண்டுக்கணக்கில் பரிந்துரைத்தது அந்தக் கார்டுகளைத்தான். ஒரே இரவில் நல்ல கார்டு கெட்ட கார்டு ஆனது. உண்மையான மேக் வைத்திருந்தவருக்கு இது செய்தியாகக்கூடத் தெரிந்திருக்காது.

இரண்டாவது, அடையாளம். ஐமெசேஜ், ஃபேஸ்டைம் வேலை செய்ய வேண்டுமென்றால் மேக் சீரியல் எண் ஒன்று வேண்டும். அதைக் கற்பனையாக உருவாக்கித் தரும் கருவிகள் உண்டு. உருவாக்கிய எண் தற்செயலாக யாரோ ஒருவரின் நிஜ மேக்குக்குச் சொந்தமாக இருந்துவிடலாம். உரிம மீறல் ஒருபக்கம் இருக்கட்டும், அடுத்தவர் வண்டியின் நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுவதை எனக்கு நியாயப்படுத்தத் தெரியவில்லை. கண்டுபிடிக்கப்பட்டால் ஆப்பிள் கணக்குக்கே சிக்கல் வரலாம். அந்தக் கணக்கில் உங்கள் பத்தாண்டுப் படங்கள் இருக்கும்.

மூன்றாவது, நம்பிக்கை. முகம் தெரியாத ஒருவர் “இதே மாடலுக்கான இஎஃப்ஐ போல்டர்” என்று தயாராகக் கொடுப்பதை இறக்கிப் போடுபவர்கள் ஏராளம். அந்தப் போல்டர் இயங்குதளத்துக்கும் முன்னால் ஓடுகிறது. அதில் இருப்பதற்கு உங்கள் கணினியில் தடையே கிடையாது. கூடவே, கணினியைக் காக்கும் எஸ்ஐபி பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. இப்படி ஓடும் பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறப்பதா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆயுள். ஆப்பிள் 2020 ஜூனில் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறுவதாக அறிவித்தது. நவம்பரில் எம்1 வந்தது. 2023இல் மேக் ப்ரோவும் மாறியதோடு இன்டெல் மேக் விற்பனை முடிந்தது. 2025இல் வந்த டஹோ, அதாவது மேக்ஓஎஸ் 26, இன்டெல்லில் ஓடும் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதுகூட நான்கே இன்டெல் மாடல்களில்தான் ஏறும். அதன்பின் சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். “எம் வரிசையும் ஏஆர்எம் வகைச் சில்லுதானே, அந்த வகைச் சில்லு உள்ள வேறு கணினியில் போட முடியாதா” என்று கேட்பார்கள். எம் வரிசையில் பிராசஸர், கிராபிக்ஸ், தொடக்கச் சங்கிலி எல்லாம் ஆப்பிளின் சொந்தத் தயாரிப்பு. அவை கடையில் கிடைக்கும் உதிரிகள் அல்ல. இன்டெல் காலத்தில் மேக் என்பது நல்ல உடை போட்ட பிசி. அதனால்தான் வேறு பிசிக்கு அந்த உடை பொருந்தியது. இப்போது உள்ளே இருக்கும் உடம்பே வேறு.

இவ்வளவுக்குப் பிறகும் இது சிறந்த தேர்வாகும் இடங்கள் உண்டு. 32-பிட் மென்பொருள்கள் ஓடிய கடைசிப் பதிப்பு 2018இன் மொஹாவே; 2019இல் கேட்டலினா அவற்றைக் கைவிட்டது. பழைய திட்டக் கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டும், கையில் மொஹாவே ஓடும் மேக் இல்லை என்றால், இணையத்தில் இணைக்காத ஹேக்கின்டோஷ் கைகொடுக்கும். கற்றுக்கொள்ள வேண்டும் என்றாலும் இதைவிட நல்ல பாடசாலை கிடையாது. மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற காரணம் மட்டும் இப்போது செல்லாது. பெரிய மேக் ப்ரோவின் விலைக்கும் நாமே கட்டும் பெட்டியின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்த காலத்தில் அது நியாயமான கணக்கு. எம்1 மேக் மினி வந்ததும் அந்தக் கணக்கு உடைந்துவிட்டது.

## பிசியில் விர்ச்சுவல் மெஷின்

இதில் ஒரே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாக்கினால் போதும். “நேரடியாகப் போட்டால்தான் தப்பு, விஎம்வேரிலோ கியூஇஎம்யூவிலோ போட்டால் பரவாயில்லை” என்று பலர் நினைக்கிறார்கள். உரிமம் பார்ப்பது அடியில் இருக்கும் பெட்டியை. பெட்டி ஆப்பிளுடையது இல்லை என்றால் எத்தனை அடுக்கு மேலே ஏற்றினாலும் மீறல்தான்.

மாறாக, உங்களிடம் ஒரு மேக் இருந்தால் அதே உரிமம் தாராளமாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பதிப்புக்கு மேல் இன்னும் இரண்டு பிரதிகளை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டலாம்: மென்பொருள் உருவாக்கம், சோதனை, வணிகமல்லாத சொந்த உபயோகம் போன்ற தேவைகளுக்கு. புதுப் பதிப்பைச் சோதிக்க விரும்புபவருக்கு இது அருமையான வசதி.

பிசியில் செய்தால் வேகம் கையைக் கடிக்கும். கிராபிக்ஸ் முடுக்கம் இல்லாமல் ஜன்னல்கள் இழுத்து இழுத்து நகரும். அதைச் சரிசெய்ய ஒரு கார்டை முழுதாக விர்ச்சுவல் மெஷினுக்கே ஒதுக்க வேண்டும். அந்த அளவுக்கு வந்துவிட்டால் ஹேக்கின்டோஷின் பாதித் தலைவலி தானாகவே சேர்ந்துகொள்ளும்.

## பழைய மேக்

இன்டெல் மேக் ஒன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் அதை முதலில் எழுப்புங்கள். ஆப்பிள் ஆதரவை நிறுத்திய மேக்குகளில் புதுப் பதிப்புகளை ஏற்றுவதற்கு ஓபன்கோர் லெகசி பேட்சர் இருக்கிறது. ஹேக்கின்டோஷுக்குப் பிறந்த தொழில்நுட்பம்தான், ஆனால் பெட்டி ஆப்பிள் முத்திரை கொண்டது என்பதால் உரிமத்தின் முக்கிய நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஆதரவு இல்லாத பெட்டி என்பதும் அனுமதி இல்லாத பெட்டி என்பதும் வேறு வேறு. விண்டோஸ் 11இலும் இதே நிலைதான். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியில் ஏற்றினால் “பொறுப்பு உங்களுடையது” என்று மைக்ரோசாப்ட் எச்சரிக்கும். அந்தப் பெட்டியில் போட்டதே மீறல் என்று சொல்லாது. ஆனால் பேட்சர் போட்ட மேக்கிலும் அப்டேட் சடங்கு உண்டு, பாதுகாப்புத் தளர்வு உண்டு. டஹோவுக்குப் பிறகு அங்கும் வழி அடைபடும். இதற்காகவே தேடிப்போய் இன்டெல் மேக் வாங்காதீர்கள்.

எம்1 அல்லது அதற்குப் பிந்தைய பழைய மேக்தான் பெரும்பாலானவர்களுக்கு என் பதில். மேக் மினி என்றால் இருக்கும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் உதவும். அவற்றை மாட்டி, பத்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். ஹேக்கின்டோஷ் கட்டச் செலவாகும் இரண்டு வார இறுதிகளுக்கு உங்கள் தொழிலில் என்ன ஊதியம் என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் விளங்கும்.

வாங்கும்போது மூன்று இடங்களில் ஏமாறலாம். ஆக்டிவேஷன் லாக்: பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து விடுவிக்காமல் கொடுத்தால், நீங்கள் வாங்கியது அழகான செங்கல். கண்ணெதிரே அழித்து, புதிதாகத் தொடங்கும் திரைவரை கொண்டுவரச் சொல்லுங்கள். எம்டிஎம்: ஏதாவது நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் பதிவான கணினி என்றால், துடைத்துப் போட்டாலும் இணையத்தில் இணைந்ததும் “இது இன்னாருடையது” என்று பல்லிளிக்கும். மூன்றாவது, நினைவகம். எம் வரிசையில் ராமை அப்புறம் கூட்டவே முடியாது. சேமிப்பகத்தைக் கூட்டுவதும் சாதாரணப் பயனருக்கு நடக்காத காரியம். 8 ஜிபி மாடல் மலிவாகத் தெரியும். ஆப்பிள் செயலிகளை உருவாக்கும் மென்பொருளான எக்ஸ்கோடையும் ஐபோன் சிமுலேட்டரையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள், அது ஏன் மலிவு என்று புரியும். 16 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள்.

## வாடகை மேக்

ஐஓஎஸ் செயலி மட்டும்தான் தேவை என்றால் இதை முதலில் பரிசீலிக்கலாம். எக்ஸ்கோடு மேக்ஓஎஸ்ஸில் மட்டுமே ஓடும் என்பதால் மேக்கே இல்லாமல் முடியாது. ஆனால் அந்த மேக் உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற செயலி உருவாக்கும் கருவிகளில் எழுதுபவர் விண்டோஸிலோ லினக்ஸிலோ முழு வேலையையும் செய்துவிட்டு, கடைசி பில்டை மட்டும் தொலைவிலிருக்கும் மேக்கில் எடுக்கலாம். பில்டைத் தானாக எடுத்துத் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சேவையில் மேக் இயந்திரங்கள் உண்டு. ஆப்பிள் டெவலப்பர் உறுப்பினராக இருப்பவருக்கு ஆப்பிளின் அத்தகைய சேவையான எக்ஸ்கோடு கிளவுடில் மாதம் 25 மணி நேரம் கிடைக்கிறது. மேக்ஸ்டேடியம், அமேசான் போன்றவர்களிடம் முழு மேக்கையே வாடகைக்கு எடுக்கலாம்.

இங்கேயும் உரிமம் எட்டிப் பார்க்கிறது. 2020இன் பிக் சர் பதிப்பின் உரிமத்தில் மேக்கை வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு பகுதி வந்தது. குறைந்தது தொடர்ச்சியாக 24 மணி நேரத்துக்குத்தான் விடலாம். அமேசான் அதே ஆண்டு நவம்பரில் தன் மேக் சேவையைத் தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் ஒரு முழு நாளுக்கு என்று வைத்ததற்குக் காரணம் இதுதான். ஒரு மணி நேர வேலைக்கு எடுத்துவிட்டு ஒரு நாளுக்கான பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் இருக்கிறார்கள். வேலைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் முடிப்பது புத்திசாலித்தனம்.

இதன் குறை கையெட்டும் தூரம்தான். உங்கள் ஐபோனைக் கேபிளில் மாட்டி அங்கேயே பிழை தேட முடியாது. இணையம் தடுமாறினால் மவுஸும் தடுமாறும். வாடகை சில மாதங்கள் தொடர்ந்தால், பழைய மேக் மினியின் விலையை எப்போது தாண்டியது என்றே தெரியாமல் தாண்டியிருக்கும். தினமும் திறக்கப்போகிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள். மாதம் ஒருமுறை என்றால் வாடகை.

## மேக்ஓஎஸ் வேண்டுமா என்றே ஒரு கேள்வி

எக்ஸ்கோடு, வீடியோவுக்கான ஃபைனல் கட் ப்ரோ, இசைக்கான லாஜிக் ப்ரோ. இந்த மூன்றில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டால் மேக் தேவைதான். “பார்க்க அழகாக இருக்கும், டெர்மினல் நன்றாக இருக்கும்” என்பது காரணமென்றால் லினக்ஸ் போதும். அதன் உரிமம் எந்தப் பெட்டியில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்பதே இல்லை. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மேலே சொன்ன நல்ல பிராசஸரும் 32 ஜிபி ராமும் அங்கே முழுமையாக உழைக்கும்.

## ஹேக்கின்டோஷ்தான் என்று முடிவு செய்துவிட்டால்

கற்றுக்கொள்ளத்தான் என்று தெரிந்தே இறங்குபவரை நான் தடுக்கமாட்டேன். என் பெட்டியை நான் இழந்த கதையை மட்டும் சொல்கிறேன். மறுநாள் காலை ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும். முந்தைய இரவு அப்டேட் பொத்தானை அழுத்தினேன். தவறு முழுக்க என்னுடையது. பூட்லோடரைப் புதுப்பிக்காமல் இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தேன், பழைய இஎஃப்ஐயின் பிரதியும் எடுத்து வைக்கவில்லை. விடியும்வரை கறுப்புத் திரையில் ஓடும் வெள்ளை எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். வேலையை முடித்துக் கொடுத்தது நண்பர் ஒருவரின் பழைய மேக்புக்.

அதனால் வேலை செய்யும் இஎஃப்ஐ போல்டரை ஒரு யுஎஸ்பியில் தனியாக வைத்து, அதிலிருந்து கணினி தொடங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். போல்டரை வேறு யாரிடமிருந்தும் வாங்காமல், வழிகாட்டியைப் படித்து நீங்களே கட்டுங்கள். முதன்மை ஆப்பிள் கணக்கை அதில் திறக்காதீர்கள். சோதனைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கோப்புகள் அதில் வேண்டாம். தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவையுங்கள். உங்கள் கோப்புகளை ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் வடிவ வட்டில் மட்டும் வைக்காதீர்கள், விண்டோஸ் அதைத் தானாகப் படிக்காது. இரண்டிலும் படிக்கக்கூடிய எக்ஸ்ஃபேட் வடிவ வட்டு ஒன்றில் இன்னொரு பிரதி இருந்தால், பெட்டி எழ மறுக்கும் நாளில் கேபிளைப் பிடுங்கி அடுத்த கணினியில் மாட்டி வேலையைத் தொடரலாம்.